12 படமும் மூவாயிரம் படமும்

"ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எதற்கு?" என்று, இன்றைய போட்டோகிராபர்கள் படங்களை எடுத்துத் தள்ளுவதைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் கேட்டிருக்கிறார். மதுரையில் முப்பது வருடம் கல்யாணப் படம் எடுத்தவன் என்பதால் சொல்கிறேன். யாஷிகா கேமரா காலத்தில் '120' என்ற வகை ஃபிலிம் சுருள் ஒன்றுக்கு 12 படம்தான். அப்புறம் 35 மி.மீ. ஃபிலிம் வந்தபோது 36, சிக்கனமாக மாட்டினால் 37-ஆவதும் கிடைக்கும், அதில் ஒரு அல்ப சந்தோஷம். கெட்டிமேளம் கொட்டும் முன்பே புதுச் சுருள் மாட்டிவிடுவேன். ஒருமுறை தவறவிட்டேன். பெண்ணின் அப்பா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது மகன் எடுக்கிறான். கல்யாணத்தோடு ஜல்லிக்கட்டும் எடுப்பான். அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை பாய்வது சில நொடிதான்; நொடிக்கு 10 படம் வீதம் அழுத்திப் பிடித்தால் ஒரு காளைக்கே 30, 40 ஆகிவிடும். அதில் வீரரின் கையும் திமிலும் தெளிவாக விழுவது ஒன்றோ இரண்டோ. கல்யாண குரூப் போட்டோவிலும் நாலைந்து தடவை அழுத்தாவிட்டால் யாராவது ஒரு சித்தப்பா கண்ணை மூடியிருப்பார். எண்ணிக்கையில் தப்பில்லை. ஆனால் மூவாயிரத்தையும் அப்படியே பென்டிரைவில் கொட்டிக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கழிப்பதும் எங்கள் வேலைதானே? மகனிடம் சொன்னால், "பார்ட்டியே எல்லாத்தையும் கேக்குறாங்கப்பா" என்கிறான்.