கார்வெடிலால் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை

"குழந்தைகளின் இதயச் செயலிழப்புக்குக் கார்வெடிலால் பயனற்றது என நிரூபணமாகிவிட்டது, நிறுத்திவிடலாம்" என்று இங்கே ஐயா ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அவர் சொல்வது 2007-இல் வெளியான ஆய்வை; அதில் 161 சிறாரும் பதின்வயதினரும் பங்கேற்றனர். மருந்து பெற்றோருக்கும் போலி மருந்து பெற்றோருக்கும் இடையே கணிசமான வேறுபாடு தெரியவில்லை என்பது உண்மையே. ஆனால் போலி மருந்துப் பிரிவினரும் எதிர்பார்த்ததைவிட அதிகம் தேறியதால், உண்மையான பலனைப் பிரித்தறிய அந்த எண்ணிக்கை போதாமல் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினர். வழக்கமாக உடலுக்கு இரத்தம் செலுத்துவது இதயத்தின் இடது கீழறை; அப்படி இல்லாத குழந்தைகளும் அதில் கலந்திருந்தனர், அவர்களிடம் மருந்தின் பலன் வேறுபட்டிருக்கலாம். பலன் தெளிவாகவில்லை என்பது வேறு, பலனில்லை என்பது வேறு. கார்வெடிலால், இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து வகையைச் சேர்ந்தது; அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து குழந்தை இதய நிபுணரைக் காணத் தொலைதூரம் போகும் பெற்றோர், தயவுசெய்து அவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம்.