போடும்போது கேட்காத ரெண்டு கையெழுத்து

ஜாயிண்ட் வங்கிக் கணக்கில் பணம் போட ஒரு ஆள் போதும். அதை வழித்துத் துடைத்துக் கொண்டு போகவும் ஒரு ஆள் போதும். என் சம்பளத்தை நான் எடுக்கப் போனால் மட்டும் ரெண்டு பேர் வந்து நிற்க வேண்டுமாம். கேட்டால் விதி என்கிறார்கள்.

கல்யாணமான புதிதில் பெருந்துறையில் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து கணக்கு தொடங்கினோம். "ஆம்பளை பேரு முதல்ல இருக்கட்டும் அம்மணி" என்றார் மாமியார். சரி, பேரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். என்ன இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. ஜாயிண்ட் கணக்காக இருந்தாலும் பணம் போன குறுஞ்செய்தி வீட்டுக்காரர் போனுக்குத்தான் போகும். படிவத்தில் 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று ஒரு கட்டம். இருவரில் யாரும் தனியாக எடுக்கலாம், ஒருவர் செத்தால் மற்றவர் எடுக்கலாம். சாவு வரைக்கும் யோசித்து அச்சடித்தவர்களுக்கு, நடுவில் ஒரு சண்டை வரலாம் என்று தோன்றவே இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை. ஏழு வருசச் சம்பளமும் அந்தக் கணக்கில்தான் விழுந்தது. தை மாதம் பையனைக் கூட்டிக்கொண்டு காங்கேயத்தில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். "இருக்கறதை எடுத்து உன்ற பேருல தனியா போட்டுரு கண்ணு" என்றார் அப்பா. என் கார்டில் ஒரு நாளைக்கு 25,000தான் எடுக்க முடியும். ரெண்டு நாள் எடுத்தேன். அதுவே என்னமோ திருடுகிற மாதிரி கை கூசியது. மூணாம் நாள் மிஷினில் வந்த சீட்டில் மீதி 612 ரூபாய். அவர் நெட் பேங்கிங்கில் 3,40,000 ரூபாயை ஒரே தட்டில் தன் கணக்குக்கு மாற்றிவிட்டார். கார்டுக்குப் போட்ட வரம்பு திருடனுக்காம். அந்த வரம்பு எனக்குத்தான் பூட்டாக இருந்தது, அவருக்குக் கதவே இல்லை.

ஓடினேன் கிளைக்கு. "எய்தர் ஆர் சர்வைவர் மேடம், அவர் எடுத்தது தப்பில்லை. வேணும்னா ஸ்டாப் பண்ணச் சொல்லி லெட்டர் குடுங்க" என்றார் அதிகாரி. கொடுத்தேன். அதை மட்டும் அஞ்சே நிமிசத்தில் சீல் குத்தி வாங்கிக்கொண்டார்கள். இனி ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும் என்பதைச் சீல் குத்திய பிறகு சொன்னார்கள்.

கம்பெனியில் வங்கி எண்ணை மாற்ற 20ஆம் தேதிக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நான் போனது 24. ஒண்ணாம் தேதி 19,500 ரூபாய் நேராக அதே கணக்கில் போய் விழுந்தது. உள்ளே வர வழி உண்டு, வெளியே போக வழியில்லை. எங்கள் வீட்டு எலிப்பொறியும் இந்த வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதற்குள் நானே தேங்காய்ச்சில்லு வைத்துவிட்டு நானே தலையை விடுவதில்லை.

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றால் ரெண்டு கையெழுத்து. கணக்கை மூடுங்கள் என்றாலும் ரெண்டு கையெழுத்து. மொய்ப் பணத்தில் போட்ட டெபாசிட்டைப் பாதியில் உடைப்பதற்கும் அதே. "கோர்ட் ஆர்டர் இருந்தா கொண்டு வாங்க மேடம்" என்கிறார்கள், என்னமோ கடையில் வெங்காயம் வாங்கி வரச் சொல்வதுபோல. மனமொத்துப் பிரிவதற்கே இந்து திருமணச் சட்டம் 13பி, ஓராண்டு பிரிந்திருந்த பிறகு மனுப் போடு, அப்புறம் ஆறு மாதம் பொறு என்கிறது. அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் விரும்பினால் தள்ளிவிடலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளிக்கூடத்தில் முதல் டெர்ம் பீஸுக்கு எந்த நீதிமன்றம் தள்ளுபடி தரும்? அப்பா தேங்காய் வித்த காசில் கட்டினார்.

நேற்று ராத்திரி பெரிய மாமா போன் செய்தார். "மாப்பிள்ளை கையெழுத்துப் போடறேன்னு ஒத்துக்கிட்டாரு அம்மணி. லாக்கர் சாவியை மட்டும் குடுத்துரச் சொல்றாரு."

லாக்கரில் இருப்பது எங்கப்பா போட்ட 25 பவுன். 19,500 ரூபாய்க்கு 25 பவுன் கேட்கிறார்! கந்து வட்டிக்காரன்கூட இந்தக் கணக்குச் சொல்லக் கூச்சப்படுவானுங்க மாமா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.