வாயும் குடலும் ஒன்றல்ல, அண்ணே

"உடம்புக்குள்ளே எங்கும் ஒரே எபிதீலியம்தான், சில நாளில் உதிர்ந்து புதிதாக வளர்ந்துவிடும், அதனால் குன்யா போட்டால் வாய்க்கு ஒன்றும் ஆகாது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். எபிதீலியம் என்பது உறுப்புகளின் பரப்பை மூடியிருக்கும் செல் படலம், குன்யா என்பது மியான்மரில் போடும் வெற்றிலைபாக்கு. யாங்கூனில் தெருவுக்குத் தெரு குன்யாக் கடை இருப்பதால் பலர் இதை நம்பிவிடுவார்கள்.

சில நாள் கணக்கு சிறுகுடலுக்குப் பொருந்தும். அங்கே இருப்பது ஒற்றை அடுக்குத் தூண் எபிதீலியம், உணவை உறிஞ்சுவது அதன் வேலை, மூன்று முதல் ஐந்து நாளில் செல்கள் மாறிவிடும். கன்னத்தின் உட்புறம் அப்படியில்லை, மெல்லும்போது உரசலைத் தாங்க வேண்டுமே, அதனால் தட்டைச் செல்கள் பல அடுக்காக இருக்கும், ஈறிலும் மேலண்ணத்திலும் அதன்மேல் கெரட்டின் என்ற கடினமான புரதம் வேறு. மூச்சுக்குழாயில் குறு இழைகளோடு பொய்யடுக்கு எபிதீலியம், பார்க்கப் பல அடுக்குபோல் தெரிந்தாலும் எல்லாச் செல்லும் அடியில் இருக்கும் அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். ஆக எல்லாம் ஒன்று என்பதே தப்பு.

அப்புறம், எபிதீலியம் புதிதாக வளர்கிறது என்பதாலேயே வாய் தப்பிவிடாது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற வேதிப்பொருள், எபிதீலியத்துக்குக் கீழே இருக்கும் இணைப்புத் திசுவில் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைச் சேர்த்து இறுக்கிவிடுகிறது, மேலே உள்ள அடுக்கும் மெலிந்துபோகிறது, வாய் திறப்பது குறையும், அது புற்றுநோயாகவும் மாறலாம். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. சுண்ணாம்பைக் குறைத்துப் போடுகிறேன் என்பதெல்லாம் சமாதானம்தான், பாக்கு அப்படியேதானே இருக்கிறது.

காரம் பட்டால் எரிச்சலோ, கன்னத்தில் வெளுத்த பட்டையோ இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.