பட்டாளத்துப் பெரியப்பா

பெரியப்பா காலமான சேதி கேட்டு நிறையப் பேர் நல்லபடியாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் 'நாட்டைக் காத்த வீரர்' என்றுதான். உண்மைதான், எனக்கும் அதில் பெருமை. ஆனால் பட்டாளத்தில் இருந்ததைவிட, திரும்பி வந்து எங்களோடு வாழ்ந்த காலம்தான் அவருக்கு அதிகம். அதை யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்றங்கரையில் எங்கள் ஊர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி அகற்றுவது என்று படைக்கு முன்னால் வழி செய்து கொடுக்கிற பிரிவு அது. அந்தப் பிரிவுக்காரர்களுக்கு ராணுவத்தில் 'தம்பி' என்றே பெயர். பாகிஸ்தானோடு நடந்த 1971 போரின்போது கிழக்கே, இன்றைய பங்களாதேஷ் பக்கம் இருந்தார். சண்டையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆற்றைப் பற்றிக் கேட்டால் போதும், விடிய விடியச் சொல்வார். "அங்கயும் நம்ம ஊரு மாதிரிதான்டா. எங்க பாத்தாலும் ஆறு, வாய்க்கா, நெல்லு. ஆனா ஆறுன்னா இக்கரையில நின்னா அக்கரை தெரியாது. நாங்க போட்ட பாலத்துல மொதல்ல லாரி போச்சு. அப்புறம் ஊரை விட்டு ஓடுன சனமெல்லாம் மூட்டை முடிச்சோட திரும்பி வந்துச்சு." போரைப் பற்றி அவர் வாயால் நான் கேட்டது இவ்வளவுதான்.

அந்த டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததை ரேடியோவில் சொன்ன பிறகும், மகனிடமிருந்து கடிதம் வரும்வரை அப்பாயி சரியாகச் சாப்பிடவில்லையாம். எந்த ஊரில் இருக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நம்பர், பெயர், யூனிட், 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று எழுதிப் போட்டால் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் எழுதிய இன்லேண்டு லெட்டர்களைப் பெரியம்மா இன்னும் வைத்திருக்கிறார். மேட்டூரைத் திறந்தாயிற்றா, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா, நாற்று விட்டாயிற்றா, பெரியவளுக்குக் காது குத்த எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேள்வியாகத்தான் இருக்கும். பதில் எழுதியதும், நடவுக்கு ஆள் சேர்த்ததும், முறைத் தண்ணீருக்கு ராத்திரியில் வரப்பில் போய் நின்றதும் பெரியம்மா. பட்டாளத்துக்காரரைக் கும்பிடுகிற நாம் இந்தப் பெண்களை ஒரு வார்த்தை சொல்வதில்லை. பெரியப்பா சொல்வார். யாராவது அவருக்குச் சால்வை போர்த்தினால் அங்கேயே எடுத்துப் பெரியம்மா தோளில் போட்டுவிடுவார்.

பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன பிறகு, தலை சீவிப் பின்னிவிட்டது அவர்தான். முதலில் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்வார். அப்புறம் சிக்கெடுப்பார், நுனியிலிருந்து மேலாக, வலிக்காமல். வகிடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். அக்காக்கள் செய்கிறோம் என்றாலும் விடமாட்டார்.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, அந்த வயதிலும் கயிறும் அரிவாளுமாக இறங்கி, எங்களை வேலை வாங்கி ரோட்டைத் திறந்துவிட்டார். அதை ஊரே சொல்லும்.

ஊர் அதிகம் சொல்லாத ஒன்று உண்டு. பட்டாளத்தில் பெயரும் நம்பரும் எழுதிக் கொண்டுவந்த கறுப்பு டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவு, ஜாயிண்ட் போட்டோ எல்லாம் தனித்தனி உறையில் வைத்திருந்தார். பெரியம்மா பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் ராணுவ ரெக்கார்டிலும் பேங்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறைக்கு நாலு முறை சரிபார்த்திருந்தார். அதனால்தான் அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்குப் பெரியம்மா அலைய வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து ஊரில் ஒரு அம்மாவுக்கு அப்படி அமையவில்லை. வீட்டில் கூப்பிடும் பெயரையே கணவர் ரெக்கார்டில் கொடுத்திருக்கிறார். ரேஷன் கார்டில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அந்த அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு அலுவலகத்தில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. பெரியப்பாதான் கூடவே போனார், மனு எழுதினார், ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபால் போட்டார், பணம் வரும்வரை விடவில்லை. வருஷா வருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க நடக்கமுடியாத பழைய ஆட்களை ஆட்டோ வைத்து பேங்குக்கு அழைத்துப் போனதும் அவர்தான்.

அவருக்குச் செய்கிற மரியாதை இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ முன்னாள் ராணுவத்தினர் இருந்தால், அவர் நல்லபடியாக இருக்கும்போதே பென்ஷன் உத்தரவை எடுத்துப் பாருங்கள். மனைவி பெயர் அதில் இருக்கிறதா, எழுத்து சரியா, பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா, பேங்க் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். தப்பு இருந்தால் இப்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள். மன்னார்குடி சுற்று வட்டாரத்தில் யாருக்காவது மனு எழுத ஆள் இல்லையென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அவர் எழுதிய மனுக்களின் நகல் எல்லாம் என்னிடம் இருக்கிறது, நானே கூட வருகிறேன்.