மறுசுழற்சி ஜல்லி: பரவும் தகவல் தவறு

பழைய கான்கிரீட்டை உடைத்தெடுத்த ஜல்லிக்குத் தடை இருப்பதாகவும், அதைக் கலந்த வீடு பத்தே ஆண்டில் இடிந்துவிடும் என்றும் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் தகவல் உண்மையல்ல.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஜல்லி, மணலுக்கான தர ஆவணமான ஐ.எஸ். 383:2016, இந்த ஜல்லியைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் மொத்த ஜல்லியில் 20 விழுக்காடு வரை, எம்25 தரம் வரை (எம் என்பதை அடுத்த எண் கூடக் கூட கான்கிரீட்டின் வலிமை கூடும்) மட்டும் அனுமதிக்கிறது. செங்கல், ஓடு கலந்த இடிபாட்டு ஜல்லிக்குக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் இடமே இல்லை.

கல்லில் ஒட்டியிருக்கும் பழைய காரை தண்ணீரை அதிகம் உறிஞ்சும் என்பதால், அளவு மீறினால் உப்பு உள்ளே புகுந்து கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பு கூடும் என்பது மெய்தான். காசிமேடு, எண்ணூர் போலக் கடற்காற்று நேராகப் படும் கட்டடங்களுக்குக் கான்கிரீட் கட்டுமானத்துக்கான தர ஆவணமான ஐ.எஸ். 456 குறைந்தது எம்30 கேட்பதால், அங்குள்ள தூண், தளங்களில் இதற்கு அனுமதியில்லை என்பதையும் (வதந்தி சொல்ல மறந்தது இதைத்தான்) கவனிக்க வேண்டும்.

இவ்விரு தர ஆவணங்களையும் அமைவனத்தின் இணையதளத்தில் படித்துச் சரிபார்க்கலாம். அந்தத் தகவலை மேலும் பகிர வேண்டாம்.