இனிமே எவனும் என்கிட்ட "ஹைலைட்ஸ் பாத்துக்கலாமே"ன்னு சொல்லாதீங்க

கொதிப்பு இன்னும் அடங்கல. நேத்து அந்த வார்த்தைய சொன்னது என் மேனேஜர்.

ஃபுட்பால் மேட்ச் தேதி அறிவிச்ச அன்னைக்கே பர்மிஷன் கேட்டாச்சு, மெயில் போட்டாச்சு, "ஓகேப்பா, கிளம்பு"ன்னு அவரே பதிலும் போட்டாச்சு, அதுக்காகவே லீவு நாள்ல உக்காந்து என் பங்கு வேலை மொத்தத்தையும் முடிச்சுக் குடுத்தாச்சு. நாக் அவுட் மேட்ச்சு வேற, தோத்தா அத்தோட சீசன் காலி. பைய தோள்ல மாட்டிட்டு எந்திரிக்கிறேன், பின்னாடியிருந்து குரல் வருது. "தம்பி, அஞ்சே அஞ்சு நிமிஷம், ஒரு சின்ன டவுட்டு."

அந்த அஞ்சு நிமிஷம் எவ்ளோ நேரம்னு வேலைக்குப் போற எல்லாருக்கும் தெரியும்.

டவுட்டு என்னன்னா ஸ்லைடுல ஒரு பார் சார்ட், அதுல மூணாவது பட்டை நீலத்துல இருக்கணுமா பச்சையில இருக்கணுமா. இவ்ளோதான். பச்சையா மாத்த சொன்னாரு, மாத்துனேன். சேர பின்னாடி தள்ளி உக்காந்து கண்ண சுருக்கி பாத்துட்டு "பச்சை அடிக்குது"ன்னாரு, திரும்ப நீலம். நீலம் மங்கலா இருக்காம், கொஞ்சம் அடர்த்தியா வை. வச்சேன். அப்புறம் பக்கத்து சீட்காரர கூப்பிட்டு கருத்து கேட்டாரு, அந்த மனுஷன் வந்து நின்னு நிதானமா யோசிச்சு "ஆரஞ்சு ட்ரை பண்ணலாமே"ன்னு சொல்றாரு. ஆரஞ்சும் வச்சோம். ஆரஞ்சு வச்சதும் தலைப்போட கலர் ஒத்து வரலன்னு தலைப்பையும் மாத்துனோம், தலைப்ப மாத்துனதும் மத்த ஸ்லைடு எல்லாத்துலயும் தலைப்பு மாறணும். பாக்கெட்ல போன் உறுமிட்டே இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் குரூப்புல ஏதோ நடந்திருக்கு, கோலா ரெட் கார்டான்னு தெரியாது, எடுத்துப் பாக்கவும் முடியாது. கடைசியில என்ன கலர்ல முடிஞ்சுது தெரியுமா? பழைய நீலம். அந்த ஸ்லைடு வெளிய போறதே அடுத்த வாரம்தான்!

"சார், மேட்ச் ஆரம்பிச்சு பாதி போயிருச்சு"ன்னு வாய விட்டு சொல்லிட்டேன். அதுக்குத்தான், "22 பேர் ஒரு பந்து பின்னாடி ஓடுறதுக்கா இவ்ளோ பரபரப்பு, ஹைலைட்ஸ் பாத்துக்கலாமே."

ஹைலைட்ஸ்ல என்ன இருக்கு? 2005 இஸ்தான்புல்ல நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல எடுத்துக்குங்க. ஹாஃப் டைம்ல ஏசி மிலன் 3, லிவர்பூல் 0. அப்புறம் 54, 56, 60ன்னு ஆறு நிமிஷத்துக்குள்ள மூணு கோல், பெனால்டில கப்பு. இத ரெண்டு நிமிஷ வீடியோவுல பாத்துரலாம், யாரு இல்லன்னா? ஆனா அந்த வீடியோவுல ஹாஃப் டைம் கிடையாது. மூணு கோல் வாங்கி செத்துப்போன டீமுக்காக ஸ்டாண்டுல நின்னு ஜனங்க பாடிட்டே இருந்த நேரம் அது. எனக்கு அந்த மேட்ச்சே அந்த பாட்டுதான். 2019 மே 7, லிவர்பூலோட சொந்த மைதானம் ஆன்ஃபீல்டுல நடந்ததும் அப்படித்தான், ரெண்டு மேட்ச் சேத்து கணக்கு பாக்குற மோதல்ல பார்சிலோனாகிட்ட முதல் மேட்ச்ல 3-0 தோத்துட்டு வந்து, முன்னாடி நின்னு கோல் அடிக்கிற சாலாவும் இல்லாம ஃபிர்மினோவும் இல்லாம மூணு கோல் அடிச்சு சமன் பண்ணி நிக்கிறாங்க, 79வது நிமிஷம் அலெக்ஸாண்டர்-ஆர்னால்டு கார்னர விட்டு நகர்ற மாதிரி போயி டக்குனு திரும்பி அடிச்சாரு பாருங்க, பார்சிலோனா டிஃபெண்டர்களே பந்த பாக்கல, ஒரிகி உள்ள தள்ளிட்டாரு. அந்த 79 நிமிஷமும் வயித்த பிசைஞ்சுட்டு கிடந்தவனுக்குத்தான் அந்த கோல் சொந்தம்.

ஆபீஸ்தான் இப்படின்னா சபையிலயும் நிம்மதி இல்ல. போன வாரம் ஆராதனை முடிஞ்சு வெளிய வர்றேன், ஒரு பெரியவர் தோள்ல கை போட்டு "தம்பி, பந்தாட்டத்துக்கு ராமுழுக்க முழிக்கிறியாமே, ஜெபத்துக்கு ஒரு மணி நேரம் முழிப்பியா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேக்குறாரு. முழிப்பேன் ஐயா, முழிச்சிருக்கேன். அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப விடிய விடிய முழங்கால்ல நின்னவன் நான். அத யாரும் எண்ணல, மேட்ச் பாத்தத மட்டும் எண்ணி வச்சிருக்கீங்க.

இந்த ஆட்டம் எங்கேருந்து வந்துச்சுன்னு இவங்க ரெண்டு பேருக்கும் யாராவது சொல்லுங்களேன். எவர்ட்டன் 1878ல ஒரு சர்ச் பசங்க ஆரம்பிச்ச டீமு, செயின்ட் டொமிங்கோஸ்ங்கிற பேர்ல. 1892ல அவங்க, அதுவரைக்கும் ஆடிட்டிருந்த ஆன்ஃபீல்ட விட்டுப் போன சண்டையிலதான் என் லிவர்பூலே பொறந்துச்சு. செல்டிக் 1887ல வால்ஃபிரிட்ங்கிற ஒரு சந்நியாசி ஆரம்பிச்சது, கிளாஸ்கோ ஏழைங்களுக்கு சோறு போட காசு வேணும்னு. இந்தப் பக்கம் மான்செஸ்டர் யுனைடெட் ரயில்வே தொழிலாளிங்க டீமு, ஆர்சனல் ஆயுதத் தொழிற்சாலை தொழிலாளிங்க டீமு. 1850ல இங்கிலாந்துல சட்டம் வந்துச்சு, மில்லுல பொம்பளைங்களும் சின்னப் பசங்களும் சனிக்கிழமை 2 மணிக்கு மேல வேலை செய்யக்கூடாதுன்னு. அப்படி கிடைச்ச அரைநாள் லீவுலதான் சனிக்கிழமை மதிய மேட்ச்சுங்கிற பழக்கமே வளந்துச்சு. வேலை செய்றவனோட ஓய்வு நேரம்தாங்க ஃபுட்பால், அதுலதான் கை வைக்கிறீங்க.

2021 ஏப்ரல்ல இங்கிலாந்து பிரீமியர் லீக்ல லெஸ்டர் - கிரிஸ்டல் பேலஸ் மேட்ச் நடந்துட்டு இருக்கு, ரம்ஜான் மாசம், சூரியன் இறங்கிருச்சு. கோல் கிக் அடிக்க வேண்டிய பேலஸ் கீப்பர் குவாய்ட்டா அடிக்காம நிக்கிறாரு, ஃபொஃபானாவும் குயாட்டேவும் ஓரமா போயி நோன்பு திறந்துட்டு வர்றாங்க. கோடிக்கணக்குல காசு புரள்ற லீக்கு, ரெண்டு பேரோட விசுவாசத்துக்காக காத்திருந்துச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு நீலப் பட்டை காத்திருக்காது.

அதே வருஷம் பிப்ரவரியில லிவர்பூல் கோல்கீப்பர் அலிசன் பெக்கரோட அப்பா இறந்துட்டாரு. மே 16, வெஸ்ட் ப்ராம் மேட்ச், 95வது நிமிஷம், 1-1. கோல்கீப்பரு மேல ஓடி வந்து தலையால கோல் அடிச்சுட்டு ரெண்டு கையையும் வானத்துக்கு நீட்டுனாரு. நான் அழுதேன். அந்த நேரத்துல நான் ஜெபம் பண்ணலன்னு எந்தப் பெரியவரும் எனக்கு சொல்ல வேணாம்.

இதுல இன்னொன்னு வேற வயித்தெரிச்சல். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் மேட்ச், எங்க லூயிஸ் டியாஸ் அடிச்ச கோல். ஆஃப்சைடுன்னு கொடி தூக்கிட்டாங்க, வீடியோவுல சரிபாக்குற விஏஆர் ரூம்ல பாத்தா ஆஃப்சைடே இல்ல, ஆனா மைதானத்துல கோல் குடுத்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு "செக் முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டாங்க, ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சிருச்சு. அடுத்த சில நொடியில தப்பு அவங்களுக்கே புரிஞ்சு போச்சு, நிறுத்த சொல்லி உள்ளயிருந்தே ஒரு குரல் வந்துச்சு, ஆட்டம் தொடங்கிட்டா திரும்ப முடியாதுன்னு விட்டுட்டாங்க. 96வது நிமிஷம் எங்க ஆளே எங்க வலைக்குள்ள தள்ளுன ஓன் கோல், 2-1 தோத்தோம். அப்புறமா தப்புன்னு ஒத்துக்கிட்டு அறிக்கை விட்டாங்க. அறிக்கைய வச்சு என்ன பண்றது, பாயின்ட்டு குடுத்தீங்களா? அது கோல்யா!