இரும்புச்சத்து மாத்திரையும் குழந்தையின் நிறமும்

கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியில்லை. தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தாய் தகப்பன் வழி வரும் மரபணுக்கள். மாத்திரையில் உள்ள இரும்பு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உருவாகத்தான் முக்கியமாகப் பயன்படுகிறது. மாத்திரை தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போகும், அது உண்மை. உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு அப்படி வெளியேறுகிறது, அவ்வளவுதான். பயம் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். எத்தனை பிரசவம் பார்த்தவர்கள் அவர்கள்! தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். அப்புறம், பரிசோதனை அட்டையில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் அது டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அந்த நிலையில் பிரசவத்தின்போது இரத்தப்போக்கு அதிகமானால் தாயின் உயிருக்கே ஆபத்து. நிறத்துக்குப் பயந்து மாத்திரையை அலமாரியில் வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. வயிற்றைப் புரட்டினால் செவிலியரிடம் சொல்லுங்கள், சாப்பிடும் நேரத்தை மாற்றித் தருவார்.